சிறிய எக்ஸ்கவேட்டருக்கு மரம் வெட்டும் கருவி: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் 37 ஆண்டுகள் பணியாற்றி 2019-இல் ஓய்வு பெற்றவன் நான். படித்தது சிவில் டிப்ளமா. பெரிய படிப்பு இல்லை என்றாலும், பாரத்தைத் தூக்குவதும் நகர்த்துவதும் இறக்குவதும் என் அன்றாட வேலையாக இருந்தன. அந்த அனுபவத்தை வைத்து, நம் பிள்ளைகளில் சிலருக்கு உடனடியாகப் பயன்படக்கூடிய ஒரு விஷயத்தைப் பாடமாக எழுதுகிறேன்.

2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி மாலையைக் கொல்கத்தாவில் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. ஆம்பன் புயல் சாகர் தீவை ஒட்டிக் கரை கடந்து நகரின் மேல் வந்தது. நகருக்குள்ளேயே காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் வீசியது. மறுநாள் பார்த்தால் ஆயிரக்கணக்கான மரங்கள் தெருவில் கிடந்தன. கிருஷ்ணசூடா, ராதாசூடா, கடம்பு, அரசு என்று வகை வித்தியாசம் இல்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையும், பிறகு ராணுவமும், ஒடிஸாவிலிருந்து வந்த குழுக்களும் மரங்களை அறுத்து வழி திறந்தார்கள். கொரோனா ஊரடங்குக் காலம். கூலிக்கு ஆள் கிடைப்பதே அரிது.

லேக் பகுதியில் எங்கள் தெருவும் அடைபட்டுக் கிடந்தது. மூன்றாம் நாள், பக்கத்துக் குடியிருப்பில் பணம் வசூலித்து ஓர் ஆளைக் கூட்டி வந்தார்கள். அவர் செயின் ஸாவுடன் வேரோடு சாய்ந்திருந்த கிருஷ்ணசூடாவின் அடிமரத்தை அறுத்தார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேரோடு சாய்ந்த மரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. மேல்மரத்தின் பாரத்தால்தான் வேரும் மண்ணும் சேர்ந்த அந்தப் பெரிய தட்டு குழியை விட்டு எழுந்து நிற்கிறது. அடியில் அறுத்துவிட்டால் பாரம் போய்விடும். தட்டு சட்டென்று பழைய குழிக்குள் சாய்ந்து அடிக்கட்டையை நிமிர்த்திவிடும். எனக்கு அது தெரியும். கத்துவதற்குள் நடந்துவிட்டது. கட்டை எழும்பி அந்த மனிதரின் காலை முறித்தது. உயிர் தப்பினார். ஆனால் நான் இரண்டு நிமிடம் முன்னதாகக் கீழே இறங்கியிருக்கலாமே என்ற எண்ணம் இன்றுவரை போகவில்லை.

அந்தச் சம்பவம் மனதில் இருந்ததால்தான், சென்ற மாதம் நம் உறுப்பினர் ஒருவரின் மகன் வீட்டுக்கு வந்தபோது அவனை எளிதில் விடவில்லை. அவனிடம் மூன்றரை டன் எடையுள்ள சிறிய எக்ஸ்கவேட்டர் ஒன்று இருக்கிறது. நம்மூரில் பொக்லைன் என்றும் ஹிட்டாச்சி என்றும் சொல்கிறோமே, அதன் குட்டி. சாக்கடை, குழாய்ப் பள்ளம் வெட்டும் வேலைக்கு வாங்கியது. தவணை இன்னும் முடியவில்லை.

"மாமா, கால்பைசாகி வந்தாலே மரம் எடுக்க ஆள் தேடறாங்க. என் வண்டிக்கு மரம் வெட்டற கத்தரியும், அதைச் சாய்க்கிற டில்ட் ஹிட்சும் வாங்கிடலாம்னு இருக்கேன். கேட்லாக்ல 30 சென்டிமீட்டர் மரம் வரைக்கும் வெட்டும்னு போட்டிருக்கான்."

"பணத்துக்கு என்னப்பா வழி?"

"அப்பா தன்னோட பி.எஃப். பணத்தைத் தரேன்னு சொல்லியிருக்கார்."

"வெட்டும்னு போட்டிருக்கான், சரி. வெட்டின மரத்தை யார் தாங்கறதுன்னு போட்டிருக்கானா?"

அவன் பதில் சொல்லவில்லை. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. முதலில் வண்டி, பிறகுதான் கருவி

ரயில்வேயில் விபத்து மீட்புக்கு 140 டன் கிரேன் உண்டு. அது எங்கே வேண்டுமானாலும் 140 டன் தூக்கும் என்று நினைத்தால் ஆபத்து. பாரம் கிரேனுக்கு அருகில் இருந்தால் ஒரு அளவு. கை நீளநீள அளவு குறைந்துகொண்டே போகும். துலாக்கோலின் தத்துவம்தான் இது. எக்ஸ்கவேட்டருக்கும் இதே விதி.

வண்டியோடு வரும் புத்தகத்தில் பாரம் தூக்கும் அட்டவணை இருக்கும். எத்தனை மீட்டர் தூரத்தில், எவ்வளவு உயரத்தில், எத்தனை கிலோ என்று அதில் போட்டிருப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 10567 என்ற தரவிதிப்படி, வண்டி கவிழும் பாரத்தில் 75 சதவீதம், அல்லது ஹைட்ராலிக் தூக்கும் சக்தியில் 87 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதையே எழுத வேண்டும். பாதுகாப்புக்காக விட்டுவைத்த அந்த மிச்சத்தை நாம் தின்றுவிடக் கூடாது. அட்டவணையில் இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, முன்பக்கம் தூக்குவதற்கும் பக்கவாட்டில் தூக்குவதற்கும் அளவு வேறு. பக்கவாட்டு அளவே குறைவாக இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, அந்த எண் பக்கெட்டோடு சொன்னதா, பக்கெட் இல்லாமல் சொன்னதா என்பது.

2. மரத்தின் எடை

பச்சை மரத்துக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1000 கிலோ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு வராது. மழையில் நனைந்த மரத்துக்கு இன்னும் கூடுதலாகவே எண்ணுங்கள். மனக்கணக்காகப் போட ஒரு சுலபமான வழி:

விட்டத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கவும். அதை மீட்டரில் உள்ள நீளத்தால் பெருக்கவும். வந்ததை 0.08-ஆல் பெருக்கினால் கிலோ வரும்.

30 சென்டிமீட்டர் விட்டம், 3 மீட்டர் நீளம்: 30 × 30 × 3 × 0.08 = 216 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம். 60 சென்டிமீட்டர் மரம் அதே நீளத்தில் 864 கிலோ. கண்ணுக்கு "இரண்டு மடங்குதானே" என்று தோன்றும். வண்டிக்குத் தெரியும் உண்மை.

இப்போது தம்பியின் வண்டிக்கு வருவோம். மூன்று மீட்டர் தூரத்தில் பக்கவாட்டில், பக்கெட் இல்லாமல், 500 கிலோ தூக்கும் என்று அட்டவணை சொல்வதாக வைத்துக்கொள்வோம். கத்தரியின் எடை 220 கிலோ, டில்ட் ஹிட்ச் 100 கிலோ என்றால் மீதம் 180 கிலோ. 216 கிலோ மரத்தைத் தூக்க முடியாது. கத்தரி "30 சென்டிமீட்டர் வெட்டும்" என்பது பொய்யில்லை. ஆனால் வெட்டியதைத் தூக்கி லாரியில் வைக்க இந்த வண்டியால் ஆகாது. டில்ட் ஹிட்சைக் கழற்றிவிட்டால் மீதம் 280 கிலோ, கணக்குக்குள் வருகிறது. அதே மரத்தை ஒரு மீட்டர் துண்டுகளாகப் போட்டால் துண்டு ஒன்றுக்கு 72 கிலோதான். சிறிய வண்டிக்குச் சிறிய துண்டு.

இந்த எண்கள் பாடத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வண்டியின் புத்தகத்திலும் கருவியின் பெயர்த் தகட்டிலும் உள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள்.

3. வெட்டும் கருவிகள்

சிறிய வண்டிக்கு முக்கியமாக மூன்று வகை கருவிகள் வருகின்றன.

முதலாவது ஹைட்ராலிக் கத்தரி. தடித்த எஃகுக் கத்தி ஒன்று மரத்தை எதிர்ப்பக்கத் தாடையோடு வைத்து நசுக்கி வெட்டும். வேகம் குறைவு, ஆனால் சுழலும் பாகம் இல்லை, துண்டு பறப்பது குறைவு, பராமரிப்பு எளிது. கிளையில் ஆணியோ கம்பியோ புதைந்திருந்தால் கத்தியின் முனை மழுங்கும், அதைத் தீட்டிக்கொள்ளலாம். ஒரு குறை, வெட்டிய முனையில் மரநார் பிளக்கும். பலகைக்கு விற்கும் மரமானால் விலை குறையும். தெருவில் விழுந்த மரத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வெட்டும்போதே மரத்தைப் பிடித்துக்கொள்ளும் விரல்கள் உள்ள கத்தரியும் உண்டு; தெருவுக்கு அதுவே ஏற்றது.

இரண்டாவது, பிடித்து அறுக்கும் செயின் ரம்பம். ஹைட்ராலிக் மோட்டாரால் சங்கிலி ஓடும். சுத்தமான, விரைவான வெட்டு; அதே வண்டியில் கத்தரியைவிடத் தடித்த மரத்தை அறுக்கும். ஆனால் அதிக ஆயில் ஓட்டம் கேட்கும். நகரத்து மரத்தில் ஆணி, விளம்பரத் தகடு, கேபிள் கம்பி எல்லாம் இருக்கும். சங்கிலி அறுந்தால் ஒரு கண்ணி துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும். அதனால் ஆபரேட்டருக்கு முன்னால் தடித்த பாலிகார்பனேட் கண்ணாடி கட்டாயம். ரம்பப் பட்டையின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

மூன்றாவது மல்ச்சர். சுழலும் உருளையில் பற்கள் வைத்து மரத்தைத் தூளாக்கும். புதர் மண்டிய வெளியிடத்துக்கு நல்லது. கற்களையும் மரத்துண்டுகளையும் வெகுதூரம் எறியும். குடியிருப்புத் தெருவில் இதற்கு வேலையில்லை.

நம் ஊருக்கும் ஒரு குறிப்பு. 2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் விழுந்தவை பெரும்பாலும் தென்னை. தென்னைக்கு வயிரமும் ஆண்டு வளையமும் கிடையாது. நாரும் மெல்லிய சோறும் கலந்த தண்டு. கத்தரி அதை நறுக்கென்று வெட்டாமல் நார்நாராக நசுக்கும். தென்னைக்கு ரம்பமே சுத்தம்.

4. சாய்க்கும் இணைப்பு

டில்ட் ஹிட்ச் என்பது வண்டியின் கைக்கும் கருவிக்கும் நடுவே பொருத்தும் ஒரு மணிக்கட்டு. நம் மணிக்கட்டைப் போலக் கருவியை இடமும் வலமும் சாய்க்கும். சிலவற்றில் இரு சிலிண்டர்கள் தள்ளும். இவை பக்கத்துக்குச் சுமார் 45 டிகிரி சாயும். சிலவற்றில் திருகு மரை போன்ற பற்கள் கொண்ட உருளை உள்ளே நகர்ந்து திருப்பும். இவை பக்கத்துக்கு 90 டிகிரி வரை போகும். இதற்கும் மேலே, சாய்வதோடு முழு வட்டமும் சுற்றுவது டில்ட்ரொட்டேட்டர். அது 1980-களில் ஸ்வீடனில் பிறந்தது.

மண் வேலையில் இதன் பலன் மிகப் பெரிது. வண்டி மேடு பள்ளத்தில் நின்றாலும் பள்ளத்தின் சரிவை ஒரே சீராக வெட்டலாம். வண்டியைத் திரும்பத் திரும்ப நகர்த்த வேண்டியதில்லை. மர வேலையிலும் தேவை உண்டு. கத்தி மரத்துக்குச் செங்குத்தாக உட்கார வேண்டும். கோணலாக உட்கார்ந்தால் மரம் கத்தியைப் பக்கவாட்டில் தள்ளி, பின்னும் புஷ்ஷும் தேயும். நிற்கும் மரத்துக்கும் கிடக்கும் மரத்துக்கும் இடையே கத்தியை 90 டிகிரி திருப்ப வேண்டும். 45 டிகிரி சாய்வது அதற்குப் போதாது.

ஆனால் இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. இந்த மணிக்கட்டு முதலில் மண்ணுக்காக வந்தது. பக்கெட்டின் ஓரத்தில், நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, 60 கிலோ மண் இருந்தால் அது டில்ட் ஹிட்சை முறுக்கும் விசை 60 × 0.3 = 18 கிலோ மீட்டர். இப்போது 25 சென்டிமீட்டர் விட்டம், 4 மீட்டர் உயரமுள்ள மரத்தை அடியில் பிடித்து வெட்டுகிறோம். எடை 200 கிலோ. அது பிடியிலேயே 45 டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தால், அதன் பாரமையம் 1.4 மீட்டர் தள்ளிப் போகும். முறுக்கு 200 × 1.4 = 280 கிலோ மீட்டர். மண்ணைவிட 15 மடங்குக்கு மேல்! மேலே இலையும் கிளையும் இருந்தால் இன்னும் அதிகம்.

ஆகவே கத்தரியோடு டில்ட் ஹிட்ச் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு முறுக்கைத் தாங்கிப் பிடிக்கும்? மரக் கத்தரியோடு பயன்படுத்தத் தயாரிப்பாளர் எழுத்தில் அனுமதிக்கிறாரா? ஹோஸ் வெடித்தால் பாரம் சரியாமல் நிறுத்தும் வால்வு அதிலேயே உள்ளதா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். கத்தரியை இரண்டு நிலைகளில் மாற்றிப் போல்ட் போடும் சாதாரணத் தாங்கி போதும். மாற்றக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எடையும் செலவும் மிச்சம்.

5. ஆயில் வழி

பல வண்டிகளில் பாறை உடைக்கும் பிரேக்கருக்கான ஆயில் வழி மட்டும் இருக்கும். அதில் ஆயில் ஒரு பக்கம் போய் நேரே டாங்கிக்குத் திரும்பும். கத்தரிக்குத் திறக்கவும் மூடவும் இருவழி வேண்டும். டில்ட் ஹிட்சுக்கு இன்னொரு இருவழி வேண்டும். அல்லது பொத்தானால் திருப்பிவிடும் வால்வு வேண்டும். செயின் ரம்பத்துக்கும் மல்ச்சருக்கும் மோட்டார் கசிவு ஆயில் திரும்ப, அழுத்தமில்லாத மூன்றாவது குழாய் தேவைப்படலாம். அதை விட்டுவிட்டால் மோட்டாரின் சீல் போகும். இந்தக் குழாய் வேலையின் செலவு கேட்லாக் விலையில் இருக்காது.

கத்தரியின் வேகத்தையும் கணக்கிடலாம். சிலிண்டரின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர், ஓட்டம் 300 மில்லிமீட்டர் என்றால் கொள்ளளவு சுமார் 2.4 லிட்டர். வண்டி நிமிடத்துக்கு 30 லிட்டர் கொடுத்தால் மூட 5 விநாடி ஆகும். அழுத்தம் 200 பார் என்றால் தள்ளும் விசை சுமார் 16 டன். ஆயில் ஓட்டம் குறைந்தால் கத்தரி மெதுவாக மூடும், அவ்வளவுதான். அழுத்தம் குறைந்தால் வெட்டு பாதியில் நிற்கும். ரம்பத்துக்கு இரண்டும் வேண்டும். அதனால்தான் சிறிய வண்டிக்குக் கத்தரியே சாது என்கிறேன்.

6. உட்கார்ந்திருப்பவரின் உயிர்

சிறிய வண்டிகள் பலவற்றில் மேலே கூரை மட்டும் உண்டு. முன்னால் தடுப்பு இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் மரம் வெட்டக் கூடாது. மேலிருந்து விழுவதைத் தாங்கும் கூரை, முன்பக்கத் தடுப்பு, சீட் பெல்ட் மூன்றும் வேண்டும். வண்டி சாயும்போது வெளியே குதிப்பவர்தான் நசுங்குகிறார். கருவியை மாட்டும் குயிக் கப்ளரில் பூட்டுப் பின் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இறங்கிக் கண்ணால் பாருங்கள். மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்துக்குள் யாரையும் விடாதீர்கள். மின்கம்பி சிக்கிய மரத்தை, மின்சாரம் நிறுத்தப்பட்டதை மின்வாரியத்தாரே உறுதி செய்த பிறகுதான் தொட வேண்டும்.

என் தெருவில் கால் முறிந்தவரின் கதைக்கும் இயந்திரம் இருந்தால் விடை உண்டு. பக்கெட்டால் வேர்த்தட்டைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிளைகளை முதலில் எடுத்து, அடிமரத்தைக் கடைசியில் வெட்டலாம். எங்கே இழுவிசை தேங்கியிருக்கிறது என்று ஐந்து நிமிடம் நின்று பார்ப்பதுதான் வெட்டும் வேலையில் பாதி.

இன்னொன்றும் உண்டு. மேற்கு வங்கத்தில் வனமல்லாத இடங்களில் உள்ள மரங்களைக் காக்க 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிற்கும் மரத்தை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். விழுந்த மரமெல்லாம் செத்த மரமும் அல்ல. ஆம்பனுக்குப் பிறகு ரவீந்திர சரோவரில் சாய்ந்த சில மரங்களை நிமிர்த்தி மறுபடி நட்டார்கள். சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் 1864, 1867 புயல்களில் அடிபட்டது. பூஞ்சை தாக்கிய அதன் தாய்மரத்தை 1925-இல் எடுத்துவிட்டார்கள். ஆம்பனிலும் விழுதுகளை இழந்தது. இன்னும் நிற்கிறது. எக்ஸ்கவேட்டரும் அகலமான பட்டையும் இருந்தால் மரத்தை நிமிர்த்தும் வேலையும் செய்யலாம் என்பதைத் தொழில் செய்யும் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும்.

முடிவு என்ன ஆயிற்று?

தம்பி தன் வண்டிப் புத்தகத்தோடு மறுவாரம் வந்தான். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவன் வண்டிக்கு பிரேக்கர் வழி மட்டும்தான் இருந்தது, முன்தடுப்பு இல்லை. டில்ட் ஹிட்சையும் கத்தரியையும் சேர்த்து மாட்டினால் கையில் மிஞ்சுவது ஓர் ஆள் எடைதான். வருடத்தில் எத்தனை நாள் மர வேலை வரும் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினான்; இரண்டு கை போதுமாக இருந்தது.

இப்போது அவன் முடிவு இது: முதலில் தடுப்பும் இருவழிக் குழாயும். பிறகு மரத்தைப் பிடிக்கும் எளிய கிராப்பிள். கத்தரியைத் தேவைப்படும் மாதத்தில் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது. டில்ட் ஹிட்ச், சாக்கடைச் சரிவு வேலை பெருகினால் மண்ணுக்கு மட்டும். அவன் அப்பாவின் பி.எஃப். பணம் வங்கியிலேயே இருக்கிறது.

வீட்டுப் பாடம்

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. 20 சென்டிமீட்டர் விட்டம், 3 மீட்டர் நீளமுள்ள பச்சை மரத்தின் எடை என்ன? மேலே சொன்ன வழியில் 96 கிலோ வர வேண்டும். அதே மரம் 40 சென்டிமீட்டர் விட்டமாக இருந்தால்? 192 என்று சொல்பவர்கள் இரண்டாம் பாடத்தை மறுபடி படிக்கவும்.

எக்ஸ்கவேட்டர் வைத்திருப்பவர்களோ வாங்க நினைப்பவர்களோ ஞாயிறு மாலை சங்கத்துக்கு வண்டிப் புத்தகத்தோடு வாருங்கள். பேனாவும் காகிதமும் நான் கொண்டுவருகிறேன்.